பெயர் இல்லாத பயம்

கர்ப்பம் என்கிற ஒரு விஷயத்துக்கு நம்முடைய பாஷையில் வார்த்தைப் பஞ்சமே கிடையாது. "முழுகாமல் இருக்கிறாள்" என்பதில் தொடங்கி மசக்கை, சூல், வாயும் வயிறும், நிறைமாதம், பொய்வலி, பனிக்குடம், பச்சை உடம்பு, பத்தியம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நோவுக்கும் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். ஆண்களுக்கு இவ்வளவு நுட்பம் வராது.

ஆனால் ஏழாவது மாதத்தில் ஒரு பெண் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. 'குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டால் பின்னாலேயே இன்னொரு கேள்வி. விடிகிற வரையில் இதே வேலை. இதற்கு என்ன பெயர்? பயம் என்றால் குழந்தை இருட்டைக் கண்டு பயப்படுகிறதே, அது. கவலை என்றால் வாடகை பாக்கி. இது இரண்டும் இல்லை, இரண்டும்தான். பெயர் இல்லாத இந்த வியாதிக்கு வீட்டில் கொடுக்கிற மருந்து ஒன்றே ஒன்று: "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, பேசாம தூங்கு."

இந்தக் காலத்துப் பெண்கள் இதை 'ஆங்சைட்டி' என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் இங்கிலீஷா என்று பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் வேறு வார்த்தை கொடுத்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள்.

என் அக்காள் பெண் சென்னையில் வேலை பார்க்கிறவள். முதல் கரு பத்தாவது வாரத்திலேயே கலைந்துபோயிற்று. அடுத்த தடவை வளைகாப்பு வரையில் பத்திரமாகக் கடந்து, திருச்சியில் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள். அக்காளுக்குச் சர்க்கரை வியாதி; இரவில் கண் விழிக்கக் கூடாது. நான் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். எழுதுகிறவளுக்கு ராத்திரியும் பகலும் ஒன்று என்று யாரோ கிளப்பிவிட்டதால், துணைக்குப் படுத்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு வந்தது.

பக்கத்துப் பாயிலிருந்து நான் பார்த்ததெல்லாம் போர்வைக்குள் எரிகிற ஒரு வெளிச்சம்தான். செல்போன். வயிற்றில் விக்கல் மாதிரித் துள்ளினால் என்ன, கால் வீங்கினால் என்ன, இடது பக்கம் படுக்காமல் தூங்கிப்போனால் என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாள். அதுவும் பதில் சொல்லும். பத்து வரியில் ஒன்பது வரி, 'இது சகஜம்' என்றிருக்கும். பத்தாவது வரியில் ஆயிரத்தில் ஒருத்திக்கு வருகிற ஏதோ ஒரு விபரீதம். பயந்த மனசு ஒன்பது வரியைத் தாண்டிக் குதித்துப் பத்தாவதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த யந்திரம் அதையும் கவனித்துக்கொண்டிருக்கிறது, பாருங்கள். நேற்று நாம் வாங்கிய கத்தரிக்காயையே காய்கறிக்காரி இன்றும் முதலில் எடுத்துக் காட்டுகிற மாதிரி, எந்த இடத்தில் நின்று படித்தாளோ அந்த ரகத்தையே மறுநாள் கேளாமலே கொண்டுவந்து கொட்டுகிறது.

ஆகையால் ஒரு நாள் அவள், "சித்தி, பயத்தைக் குறைக்கிறதுக்கு இதிலேயே ஒரு பாடம் இருக்கு. சேர்ந்திருக்கேன்" என்று அதே செல்போனை நீட்டியபோது, எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. கள்ளுக்கடையிலேயே மதுவிலக்குப் பிரசங்கமா?

"யாரு நடத்துறாங்க?"

"யாரும் இல்லை. நானேதான். செல்ஃப் ஹெல்ப்."

சுய உதவி என்றால் பெண்கள் சேர்ந்து கடன் வாங்குகிற குழு என்றுதான் நம் ஊரில் அர்த்தம். இது அப்படியல்ல. மனோதத்துவத்தில் காக்னிடிவ் பிஹேவியர் தெரபி என்று ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. நினைப்பு, உடம்பு, செய்கை மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கிளப்பிவிடுகின்றன என்று பார்த்து அந்தச் சங்கிலியை ஓர் இடத்தில் அறுப்பது. டாக்டர் எதிரே உட்கார்ந்து செய்வதையே பாடமாக எழுதி, படம் போட்டு, இணையத்தில் வைத்துவிட்டார்கள். சிட்னியில் செயிண்ட் வின்சென்ட் மருத்துவமனையும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய 'திஸ் வே அப்' என்ற ஏற்பாட்டில், கர்ப்பிணிகளுக்கு ஒன்றும் பிரசவித்தவர்களுக்கு ஒன்றுமாக 'மம்மென்டம்' என்று இரண்டு படிப்புகள் தயாரித்தார்கள். நான்கு வாரம், மூன்றே பாடம். 2019இல் வெளியான பரீட்சை முடிவுகளில், இதைப் படித்த பெண்களின் பதற்றம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுடையதைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. என் அக்காள் பெண் சேர்ந்தது வேறொன்று. ஆறு பாடம் உள்ளது. சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நானும் கூடவே படித்தேன்.

முதல் பாடம் உடம்பைப் பற்றியது. புலி எதிரே வந்தால் ஓடுவதற்காக நம் உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கை சில்லிட்டுப் போகிறது. புலி வராதபோதும், புலி வருமோ என்று நினைத்தாலே இவ்வளவும் நடக்கும். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும் என்று பாடம் சொல்கிறது. சொல்லிவிட்டு, இரத்த சோகையும் தைராய்டுக் கோளாறும்கூட இதே படபடப்பைக் கொடுக்கும், முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு அதன் மேல் கொஞ்சம் மரியாதை பிறந்தது.

அடுத்தது நோட்டுப் புத்தகம். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம், இன்றைக்கு நாம் ஏதாவது செய்யக்கூடிய கவலைகள்: இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கம், 'அப்படி ஆகிவிட்டால்?' என்று முடிகிறவை. இந்தப் பக்கத்துக் கவலைக்கு உடனே ஒரு காரியம் செய். அந்தப் பக்கத்துக் கவலைகளை எழுதி மட்டும் வை. அவற்றுக்கென்று நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, அந்த அரைமணியில் தாராளமாகக் கவலைப்படு. மற்ற நேரத்தில் வந்தால், 'சாயந்திரம் வா' என்று திருப்பி அனுப்பு.

இவள் ஐந்தரையிலிருந்து ஆறு மணி என்று வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டம்மாள் கொழுக்கட்டையோடு வந்தபோது அக்காள் வாசலிலேயே மடக்கி, "கொஞ்சம் உட்காருங்க, உள்ளே அவ கவலைப்பட்டுக்கிட்டு இருக்கா" என்றாள். வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் நான்காவது நாள் அவளே வந்து சொன்னாள்: "சித்தி, அஞ்சரைக்கு நோட்டைத் திறந்தா, ராத்திரி எழுதினதிலே பாதி ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, தைரியம் தேடுவதைப் பற்றிய பாடம். பயம் வந்ததும் கூகிளைக் கேட்கிறோம், கணவனுக்குப் போன் செய்கிறோம், அம்மாவை எழுப்பி, "ஒண்ணும் ஆகாதில்லே?" என்கிறோம். பத்து நிமிஷம் நிம்மதி. பிறகு மறுபடியும். அசல் அப்படியே இருக்க வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிற கடன் மாதிரி இது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும், கேட்காமல் இருக்க முடியாது என்பதைத்தான் மனசு கற்றுக்கொள்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறாய் என்று எண்ணிப் பார், பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டு என்கிறது பாடம். முதல் நாள் எண்ணிக்கை நாற்பத்தொன்று. ஆனால் குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் இந்த விதி கிடையாது. செல்போனைக் கேட்கவும் வேண்டாம், பொறுத்திருக்கவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. சந்தேகமும் ஆபத்தும் வேறு வேறு என்று இப்படித் தெளிவாகக் கோடு கிழித்துச் சொல்ல நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவதில்லை.

இந்த யோசனைகள் எல்லாம் இணையம் பெற்றெடுத்தவை அல்ல. கிளேர் வீக்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். 1903இல் பிறந்தவர். முதலில் அவர் உயிரியல் ஆராய்ச்சிக்காரர். முட்டையிடாமல் குட்டி போடும் பல்லி இனங்களில் நஞ்சுக்கொடி எப்படி அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்தார். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயத்தில் நெஞ்சுத் துடிப்பு பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் விடவில்லை. முதல் உலக யுத்தத்தில் சிப்பாயாக இருந்த நண்பர் ஒருவர், "போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், அது வெறும் பயம்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அம்மையாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பின்னால் வைத்தியம் படித்து, நரம்புத் தளர்ச்சிக்கான சுய உதவிப் புத்தகத்தை 1962இல் வெளியிட்டார். நேரே பார்த்து, ஒப்புக்கொண்டு, அதன் மேலேயே மிதந்து, நாள் கடக்க விட வேண்டும் என்பது அவருடைய வழி. நேரில் வர முடியாதவர்களுக்குத் தம் குரலை இசைத்தட்டில் பதிவு செய்து கொடுத்தார். இசைத்தட்டு இருந்த இடத்தில் இப்போது செல்போன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவ்வளவுதானா? நோயாளி நடுவில் நிறுத்திவிட்டால் இசைத்தட்டுக்குத் தெரியாது. செல்போன் பாடத்துக்கும் தெரியாது. 'நீங்கள் இரண்டாவது பாடத்தை முடிக்கவில்லை' என்று ஒரு நினைவூட்டல் அனுப்பும், நூலகத்திலிருந்து வருகிற தபால் அட்டை மாதிரி. துணை இல்லாமல் தானே படிக்கிற இந்தப் பாடங்களைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இவளும் விட்டிருப்பாள் என்பது என் அபிப்பிராயம். கூட உட்கார்ந்து படிக்க ஓர் ஆள் இருந்ததால்தான் ஓடிற்று. பாடம் இங்கிலீஷில், உதாரணங்களும் அந்த ஊருக்கே உரியவை. மனசு சரியில்லையென்றால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிட்டு வா என்கிறார்கள். நம் வீட்டில் பச்சை உடம்புக்காரி வாசல்படி தாண்டினாலே மாநாடு கூடிவிடும்.

பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு, நம் கிராம சுகாதார செவிலியர் மாதிரி ஊருக்குள்ளேயே வேலை பார்க்கும் சாதாரணப் பெண் ஊழியர்கள் போனார்கள். படங்களைக் காட்டி, இதே நினைப்பு மாற்றும் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். மாமியாரையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்கள் என்பதுதான் சாமர்த்தியம். 2008இல் முடிவு வெளியாயிற்று. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பாடம் கேட்டவர்களில் 100க்கு 23 பேருக்கும், கேளாதவர்களில் 100க்கு 53 பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை எடுத்துக்கொண்டு, 2015இல் கையேடாகவே வெளியிட்டது. பிறகு அதே ஊரில் பதற்றம் உள்ள கர்ப்பிணிகளுக்கென்றே தனியாக ஒரு பரீட்சை நடத்தினார்கள். 2024இல் வெளியான அதன் முடிவும் நன்றாகவே வந்தது.

நம் வீடுகளில் பாடம் வேறு. பயப்படுகிறவளைப் பார்த்து, "நீ பயந்தால் குழந்தைக்கு ஆகாது" என்கிறோம். அதுவரை அவளுக்கு ஒரு பயம். இனிமேல் பயப்படுகிறோமே என்கிற பயமும் சேர்ந்துகொள்கிறது. கருவிலேயே உபதேசம் கேட்ட பிரகலாதனையும், பாதி கேட்ட அபிமன்யுவையும் சாட்சிக்கு இழுக்கிறோம். கதையின் நடுவில் சுபத்திரை தூங்கிப்போனதால்தான் மகன் சக்கர வியூகத்திலிருந்து வெளியே வரும் வழி தெரியாமல் மாண்டான் என்று இன்றைக்கும் அவள் மேல் குறை சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்ததே பெரிசு என்று யாருக்கும் தோன்றவில்லை. யுத்த வியூகத்தை அந்த நேரத்தில் போய் விஸ்தாரமாகச் சொன்னவரை யாரும் கேட்பதும் இல்லை.

குழந்தை பிறந்தது. பெண். சுகப் பிரசவம். எல்லாரும் அப்பாடா என்றோம். பயம் அங்கே முடிந்துவிடும் என்பது நம்முடைய கணக்கு.

பதினைந்தாம் நாளோ என்னவோ, கூடத்தில் தொட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அக்காள் அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் பார்த்துவிட்டு, "அதை உள்ளே எடுத்துட்டுப் போம்மா" என்று கத்தினாள். மறுநாளும் அப்படியே. கத்தி, ஊசி எதுவும் அவள் கண்ணில் படக் கூடாது. அன்று இரவு என் காதோடு சொன்னாள். அரிவாள்மணையைப் பார்க்கும்போதெல்லாம், தன் கையாலேயே குழந்தையை ஏதோ செய்துவிடுகிற மாதிரி ஒரு காட்சி மனசில் வந்து போகிறதாம். வந்தவுடன் உடம்பெல்லாம் நடுங்குகிறதாம். "நான் ராட்சசியா சித்தி? யார்கிட்டேயும் சொல்லாதே. குழந்தையை என்கிட்டேருந்து எடுத்துடுவாங்க."

நானாகப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் நேரவில்லை. பாடத்திலேயே இருந்தது. வேண்டாத நினைப்பு என்று அதற்கென ஒரு தனிப் பகுதி. கனடாவில் புதுத் தாய்மார்களைக் கேட்டு 2008இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். குழந்தைக்குத் தற்செயலாக ஏதாவது நேர்ந்துவிடுவதாக எண்ணம் வந்தது என்று அத்தனை பேரும் சொன்னார்கள். தானே வேண்டுமென்று ஏதோ செய்துவிடுவதாக எண்ணம் வந்து போனதென்று ஏறக்குறையப் பாதிப் பேர் சொன்னார்கள். எண்ணம் வந்ததால் யாரும் அதைச் செய்துவிடுவதில்லை. அதைக் கண்டு நடுங்குகிறாளே, அந்த நடுக்கமே காவல். விரட்ட விரட்டத்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. 'வந்தாயா, சரி, போ' என்று விட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும்.

இதை நான் தமிழில் மெல்லப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவரோரம் கட்டிலில் படுத்திருந்த அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம்.

"எனக்குக் கிணறு" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. 1970இல் அக்காள் பிறந்து புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அம்மா, எட்டு மாதம் கிணற்றடிப் பக்கமே போகவில்லையாம். துணி துவைக்கவும் மாட்டாள், தண்ணீர் சேந்தவும் மாட்டாள். மாமியார் சேந்தி ஊற்ற, மகாராணி குளிப்பாளாம். கல்யாணம் கார்த்திகையில் பந்துக்கள் கூடினால் இந்தக் கதை வராமல் இருக்காது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

"பிள்ளையை இடுப்பிலே வச்சுக்கிட்டுக் கிணத்துக்கிட்டப் போனா, கை தானா விட்டுடும்னு தோணும். அப்புறம் பிள்ளை இல்லாமப் போனாலும் தோணிச்சு. உங்க அப்பாயிகிட்டே என்னன்னு சொல்றது? சோம்பேறின்னு சொன்னாங்க. அதுவே தேவலைன்னு இருந்துட்டேன்."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா இருந்த வரையில் அவரிடமும் சொன்னதில்லையாம்.

இதே ஜாதியைச் சேராத இன்னொன்று இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். பழைய நாளில் பிரசவ ஜன்னி என்றார்களே, அதில் ஒரு வகை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூக்கமே இராது, காதில் ஏதோ குரல் கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான நிச்சயம் ஏற்பட்டுவிடும். நடுக்கம் இராது. அதற்குச் சுய உதவியும் உதவாது, செல்போனும் உதவாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் குணமாகும். பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கிற பிரிவை 2009இல் தொடங்கினார்கள். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டமும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. "குழந்தையை எடுத்துடுவாங்க" என்று வாயை மூடிக்கொள்கிற பெண்களுக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாத வீடுகளுக்காக, அரசாங்கம் 2022இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. காசு கிடையாது. தமிழிலும் பேசுவார்கள்.

கடைசிப் பாடத்தில் ஒரு கேள்வித்தாள் வந்தது. எடின்பரோவில் தயாரித்து 1987இல் வெளியிட்டது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் கலங்கினாயா, தப்பு நேர்ந்தால் உன்னையே நொந்துகொண்டாயா, தூக்கம் கெட்டதா, அழுகை வந்ததா என்ற மாதிரி. பத்தாவது கேள்வி, உன்னை நீயே மாய்த்துக்கொள்ள நினைத்தாயா என்பது. மொத்தம் 30. 13க்கு மேல் போனால் டாக்டரைப் பார்ப்பது அவசியம். பத்தாவது கேள்விக்கு மட்டும் கூட்டலெல்லாம் பார்க்காமல் உடனே போக வேண்டும். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளியாயிற்று. அங்கே பிரசவத்துக்குப் பிறகு 100க்கு 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு வேடிக்கைக் கதை உண்டாகியிருக்கும்.

இவளுக்கு 9 வந்தது. டாக்டரிடம் காட்டினோம். இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எழுதிப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கேள்விகளைத் தனக்கும் படிக்கச் சொன்னாள். போன ஏழு நாளைக்குத்தான் அது பொருந்தும் பாட்டி, அம்பது வருஷத்துக்கு இல்லை என்று பேத்தி சிரித்தாள். "பரவாயில்லை, படி" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள் அம்மா. ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, பரீட்சை எழுதுகிற சிறுமியைப் போலப் பதில் சொன்னாள். பத்தாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பேத்தி நோட்டில் குறித்துக்கொண்டே வந்து, கூட்டிப் பார்த்தாள்.

பத்தொன்பது.

"அது நல்ல மார்க்கா?" என்று கேட்டாள் அம்மா.